லபோர்த் (குடும்பப் பெயர்)

லபோர்த் என்பது பிரெஞ்சு மொழியில் வழங்கும் ஒரு குடும்பப் பெயர் ஆகும். இதன் பொருள் "வாயில்" என்பதாகும். நடுக்காலத்தில் பிரான்சின் பல பகுதிகளில் தனித்தனியே தோன்றிய இப்பெயர், பின்னர் கனடா, ஜெர்மனி, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளுக்கும் பரவியது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுச்சேரியைச் சேர்ந்த பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் இதனைத் தமது குடும்பப் பெயராக ஏற்றுக்கொண்டார். பிரான்சில் இது குடியிருந்த இடத்தைக் கொண்டு பிறர் வழங்கிய பெயர். புதுச்சேரியில் இது ஒரு சட்ட உரிமையைப் பெறும்பொருட்டு ஒருவர் தாமே தெரிவு செய்துகொண்ட பெயர்.

== சொற்பிறப்பு ==

இலத்தீன் மொழியில் "போர்ட்டா" என்னும் சொல் வாயிலைக் குறிக்கும். இதிலிருந்து பிரெஞ்சு மொழியின் "போர்த்" என்னும் சொல் உருவானது. இச்சொல்லுடன் பெண்பால் சுட்டான "ல" முன்னொட்டாகச் சேர்ந்து லபோர்த் என ஆயிற்று. தொடக்கத்தில் இரு சொற்களாக எழுதப்பட்டது பின்னர் பெரும்பாலும் ஒரே சொல்லாக எழுதப்படலாயிற்று. இறுதியிலுள்ள உயிரெழுத்து பிரெஞ்சில் ஒலிக்கப்படுவதில்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இப்பெயர் லபோர்ட் என ஒலிக்கப்படுகிறது.

நடுக்கால ஐரோப்பிய நகரங்கள் பலவும் மதிலால் சூழப்பட்டிருந்தன. மதில் வாயிலுக்கு அருகில் குடியிருந்தவர்களும், சில இடங்களில் வாயிற்காவல் புரிந்தவர்களும் "வாயிலில் உள்ளவர்" என அடையாளங் காட்டப்பட்டனர். அந்த அடையாளமே நாளடைவில் பெயராக நிலைத்தது.

இதே வேரிலிருந்து தோன்றிய பிற பெயர்களும் உள்ளன.

* தெலபோர்த் - "வாயிலைச் சேர்ந்தவர்" எனப் பொருள்படுவது. வட பிரான்சில் மிகுதியாகக் காணப்படுகிறது.
* தெபோர்த் - "வாயில்களைச் சேர்ந்தவர்" என்னும் பன்மை வடிவம்.
* போர்த்தியே - வாயிற்காவலர். ஆங்கிலத்தில் வழங்கும் போர்ட்டர் என்னும் குடும்பப் பெயரின் மூலங்களுள் ஒன்று இதுவே.
* தெல்லா போர்ட்டா - இத்தாலிய வடிவம். உரோமை நகரில் உள்ள புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தைக் கட்டி முடித்த கட்டடக் கலைஞர் ஜாக்கோமோ தெல்லா போர்ட்டா இப்பெயர் கொண்டவர்.

== பிரான்சில் குடும்பப் பெயர் உருவான முறை ==

நடுக்காலத்தின் முற்பகுதியில் பிரான்சில் ஒருவருக்கு ஒரு பெயரே இருந்தது. 11 ஆம் நூற்றாண்டிலிருந்து மக்கள் தொகை பெருகியபோது ஒரே பெயருடைய பலரை வேறுபடுத்திக் காட்ட ஓர் அடைமொழி தேவைப்பட்டது. தந்தையின் பெயர், வாழிடம், தொழில், உடல் அல்லது குண இயல்பு ஆகிய நான்கில் ஒன்று அடைமொழி ஆயிற்று. லபோர்த் என்பது வாழிடத்தால் அமைந்த வகையைச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் கருநாடக இசைக் கலைஞர்கள் செம்மங்குடி, அரியக்குடி என ஊர்ப்பெயரை முன்னிட்டு அழைக்கப்படுவது இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. எனினும் அவ்வூர்ப்பெயர் பொதுவாக அவரவரோடு நின்றுவிடும். பிரான்சில் அடைமொழி தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குச் சென்று பரம்பரைப் பெயராக மாறியது.

இம்மாற்றத்தை அரசு ஆவணங்கள் உறுதிப்படுத்தின. 1539 ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னர் பிறப்பித்த வில்லெர்-கொத்ரே ஆணை, பங்குக் கோவில்களில் திருமுழுக்குப் பதிவேடு வைக்கப்பட வேண்டும் என விதித்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794 ஆகத்து 23 அன்று இயற்றப்பட்ட சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் பூணக்கூடாது எனத் தடை செய்தது. இதன்பின் குடும்பப் பெயர் என்பது ஒருவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வழக்காக இல்லாமல், அரசின் பதிவேட்டால் கட்டுண்ட அடையாளமாக ஆயிற்று.

மதிலும் வாயிலும் எல்லா ஊர்களிலும் இருந்தமையால் லபோர்த் என்னும் பெயர் ஒரே இடத்தில் தோன்றவில்லை. எனவே இப்பெயர் கொண்ட அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தோர் அல்லர். பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் இப்பெயர் மிகுதியாக வழங்குகிறது.

== பிரெஞ்சு வரலாற்றில் ==

பிரபுக் குடும்பங்களிலும் எளிய மக்களிடையேயும் இப்பெயர் காணப்படுகிறது. பதின்மூன்றாம் லூயி மன்னரின் முதன்மை அமைச்சராக விளங்கிய கர்தினால் ரிசலியே அவர்களின் தாயார் சுசான் த லபோர்த் ஆவார். அதே குடும்பத்தைச் சேர்ந்த சார்ல் த லபோர்த் (1602 - 1664) பிரான்சின் மார்சல் என்னும் உயர் படைப்பதவி பெற்றார். இவருடைய மகன் அர்மான் சார்ல், 1661 இல் கர்தினால் மசரேன் அவர்களின் உடன்பிறந்தாள் மகளை மணந்தார். மசரேன் என்னும் பெயரையும் குலச்சின்னத்தையும் ஏற்க வேண்டும் என்பது இத்திருமணத்துக்கும் அதனால் கிடைத்த பெருஞ்செல்வத்துக்கும் விதிக்கப்பட்ட நிபந்தனையாகும். அவர் அதனை ஏற்று மசரேன் கோமகன் ஆனார். ஓர் உரிமையைப் பெறுவதற்காகக் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளும் நடைமுறை ஐரோப்பியப் பிரபுக்களிடையே புதியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

தென் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் வாழ்ந்த சீர்திருத்தக் கிறித்தவரான பியேர் லபோர்த் (1680 - 1704), ரோலான் என்னும் பெயரில் கமிசார் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர். சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்திருந்த நாந்து ஆணையை 1685 இல் பதினான்காம் லூயி திரும்பப் பெற்றதும், அதன்பின் நடந்த அடக்குமுறையும் இக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் ஆகும். இவருடைய தந்தையின் உடன்பிறந்தவரான ஜெதேயோன் லபோர்த் 1702 இல் கொல்லப்பட்டார். ரோலான் 1704 இல் கொல்லப்பட்டார்.

பதினாறாம் லூயி மன்னரின் செலவினக் கண்காணிப்பாளராக இருந்த அர்னோ த லபோர்த், 1792 ஆகத்து மாதத்தில் தலை வெட்டும் பொறியால் கொல்லப்பட்டார். ஒரே பெயர் அரசனுக்கு எதிராகப் போரிட்டவருக்கும் அரசனுக்காக உயிரிழந்தவருக்கும் உரியதாக இருந்துள்ளது.

== பிற நாடுகளில் பரவல் ==

=== கனடா ===

17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் பெர்சு பகுதியிலிருந்து சென்று மொன்றியல் பகுதியில் குடியேறிய ழாக் த லபோர்த் என்பவர், கியூபெக் மாகாணத்து லபோர்த் குடும்பங்கள் பலவற்றின் மூதாதை ஆவார். இவர் "செயின்ட்-ஜோர்ஜ் எனப்படும் லபோர்த்" எனப் பதிவு செய்யப்பட்டுள்ளார். அக்காலத்துக் கனடாவில் குடும்பப் பெயருடன் "எனப்படும்" என்று இன்னொரு பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. இதனால் ஒரே மூதாதையின் வழிவந்தோர் இருவேறு குடும்பப் பெயர்களுடன் விளங்குவதும் உண்டு. பெயர் வேறுபட்டாலும் குருதி உறவு இருக்கலாம், பெயர் ஒன்றாயினும் உறவு இல்லாதிருக்கலாம் என்பதை வம்சாவளி ஆய்வாளர்கள் இதனால் கருத்தில் கொள்வர்.

கியூபெக் மாகாணத் தொழில் அமைச்சராக இருந்த பியேர் லபோர்த், 1970 அக்டோபர் 10 அன்று கியூபெக் விடுதலை முன்னணியினரால் கடத்தப்பட்டார். அக்டோபர் 16 அன்று கனடிய நடுவண் அரசு போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. மறுநாள் அவருடைய உடல் ஒரு மகிழுந்தின் பின்பெட்டியில் கண்டெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்சு ஆற்றின் குறுக்கே திறக்கப்பட்ட தொங்கு பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

=== ஜெர்மனியும் ஐக்கிய அமெரிக்காவும் ===

1685 க்குப் பின் சீர்திருத்தக் கிறித்தவர்கள் பெருமளவில் பிரான்சை விட்டு வெளியேறியபோது பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் பல ஜெர்மனி, ஒல்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குச் சென்றன. ஜெர்மனியின் மைன்சு நகரில் பிறந்து, பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஓட்டோ லபோர்த் (1902 - 1971) இப்பெயர் கொண்டவர். இரும்பின் நிறமாலையை ஆராய்ந்து 1924 இல் இவர் கண்டறிந்த தேர்வு விதி "லபோர்ட் விதி" எனப் பாடநூல்களில் வழங்குகிறது. சமச்சீர் மையம் உடைய எண்முகி அணைவுச் சேர்மங்களில் டி-டி இலத்திரன் தாவல்கள் ஏன் வலுக்குறைந்து காணப்படுகின்றன என்பதை இவ்விதி விளக்குகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லபோர்ட் என்னும் நகரமும் மாவட்டமும் உள்ளன. இப்பெயர் ஒரு குடும்பத்திலிருந்து வந்ததன்று. காட்டினூடே இயற்கையாக அமைந்திருந்த திறப்பை "வாயில்" எனக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே ஊர்ப்பெயர் ஆயிற்று.

== புதுச்சேரியில் ==

=== பின்னணி ===

தமிழர் பெயரிடும் மரபில் பரம்பரைக் குடும்பப் பெயர் என்பது பொதுவாக இல்லை. தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ முன்னால் இடப்படுகிறது. அது தலைமுறைதோறும் மாறுகிறது. துய்ப்ளேக்சு காலத்தில் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709 - 1761) தந்தை பெயர் திருவேங்கடம் பிள்ளை. இருவர் பெயரிலும் உள்ள "பிள்ளை" என்பது உறவு இல்லாத எண்ணற்ற குடும்பங்களுக்கும் பொதுவான சாதிப் பட்டம் ஆகும். பிரெஞ்சு உரிமையியல் சட்டம் கருதும் குடும்பப் பெயர் அதுவன்று.

பிரெஞ்சு இந்தியாவில் 1819 சனவரி 6 ஆணைப்படி இந்தியர்களின் திருமணம், வாரிசுரிமை முதலியவை அவரவர் சாதி வழக்கத்தின்படியே தீர்க்கப்பட்டன. கிறித்தவர், இசுலாமியர், இந்துக்கள் அனைவருக்கும் இது பொருந்தியது. இதனால் உள்ளூர் வழக்கங்கள் காக்கப்பட்டன. அதே வேளையில் சாதி ஏற்றத்தாழ்வும் நீதிமன்றத்தால் ஏற்கப்பட்ட ஒன்றாக நீடித்தது.

=== பொன்னுத்தம்பி பிள்ளையின் காலணி வழக்கு ===

பொன்னுத்தம்பி பிள்ளை புதுச்சேரி நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை பெற்றிருந்தவர். 1873 இல் அவர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார். இந்தியர் அவ்வாறு வருவது வழக்கத்துக்கு மாறானது எனக் கருதப்பட்டு அவர் தண்டிக்கப்பட்டார். அவர் பாரிசில் உள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றத்துக்கு வழக்கைக் கொண்டு சென்றார். வழக்கறிஞர் ழூல் கோதேன் அவருக்காக வாதிட்டார். தீர்ப்பு பொன்னுத்தம்பி பிள்ளைக்குச் சாதகமாக அமைந்தது. ழூல் கோதேன் பின்னர் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சு இந்தியாவின் சார்பாளராக விளங்கினார்.

வழக்கின் பொருள் காலணி ஆயினும், அதன் உட்கிடை வேறு. ஒரே நீதிமன்றத்தில் ஒரே தொழில் புரியும் இருவரில் ஒருவர் மட்டும் தம் பிறப்பின் காரணமாக வேறு விதிக்கு உட்பட வேண்டுமா என்பதே கேள்வியாக இருந்தது.

=== 1881 ஆம் ஆண்டு ஆணை ===

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணையைப் பிறப்பித்தது. இதன்படி எச்சாதி, எச்சமயத்தைச் சேர்ந்த இந்தியரும் தமது வழக்காற்றுச் சட்ட நிலையைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். இவ்வாறு துறந்தவர்கள் பிரெஞ்சு மொழியில் ரெனோன்சான் (துறந்தவர்) எனப்பட்டனர். ஆணையின் முக்கிய கூறுகள் வருமாறு:

* துறப்பு இறுதியானது. பின்னர் அதனை மாற்றிக்கொள்ள இயலாது.
* துறப்பவரின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அதற்கு உட்படுவர்.
* துறப்பவர் ஒரு குடும்பப் பெயரைத் தெரிவு செய்து பதிவு செய்ய வேண்டும்.

பிரான்சில் பல நூற்றாண்டுகளில் படிப்படியாக நிகழ்ந்த மாற்றம் புதுச்சேரியில் ஒரே கையெழுத்தில் நிகழ்ந்தது. துறப்பு இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் என்னும் பெயரைத் தெரிவு செய்தார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கான வாயிலைத் தம்மவர்க்குத் திறந்துவிட்டதைக் குறிக்கவே இப்பெயரைச் சூடினார் என விளக்கம் கூறப்படுகிறது. இதனால் இவர் பொன்னுத்தம்பி லபோர்த் எனவும் அறியப்படுகிறார்.

ஏனையோர் பல வழிகளில் பெயர் தெரிந்துகொண்டனர். சிலர் கிறித்தவத் திருமுழுக்குப் பெயரையே குடும்பப் பெயர் ஆக்கினர். சிலர் பிரெஞ்சுச் சொற்களை ஏற்றனர். வேறு சிலர் தம் தமிழ்ப் பெயரையோ தந்தை பெயரையோ பிரெஞ்சு எழுத்துமுறையில் நிலைப்படுத்தினர். எனவே ஒரு புதுச்சேரிக் குடும்பத்தின் பிரெஞ்சுப் பெயரைக் கொண்டு அக்குடும்பம் ஐரோப்பிய வழியினது என முடிவு செய்ய இயலாது.

=== விளைவுகளும் எதிர்ப்பும் ===

துறந்தவர்களின் திருமணமும் சொத்துரிமையும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்படி அமைந்தன. பலதார மணம் தடை செய்யப்பட்டது. பெற்றோர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு என்பது அக்காலத்து இந்து வழக்காற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஆயினும் அக்காலப் பிரெஞ்சுச் சட்டமே மணமான பெண்ணைக் கணவனின் அதிகாரத்துக்கு உட்படுத்தியிருந்தது. மனைவியின் சட்ட நிலை கணவனின் கையெழுத்தாலேயே மாறியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள் ஆவர். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமானோர். சாதி வழக்கத்தைச் சட்டப்படி துறப்பது அவர்களுக்குச் சமத்துவத்தை நோக்கிய படியாக இருந்தது. உயர்சாதி இந்துக்களில் பலர் இதனைத் தம் சமயத்துக்கும் மரபுக்கும் ஆபத்து எனக் கருதினர். அக்காலப் புதுச்சேரி அரசியலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த சண்முக வேலாயுத முதலியார் துறப்பு இயக்கத்தை எதிர்த்தோர்க்குத் தலைமை தாங்கினார்.

சட்டம் உறுதியளித்த சமத்துவம் தேர்தலில் முழுமையாகக் கிடைக்கவில்லை. 1884 இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். முதலாவது ஐரோப்பியருக்கும், இரண்டாவது துறந்தவர்களுக்கும், மூன்றாவது ஏனைய இந்தியர்களுக்கும் உரியதாயிற்று. 1899 இல் இரண்டாம் பட்டியல் நீக்கப்பட்டது. துறந்தவர்களில் பெரும்பாலோர் ஏனைய இந்தியர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஐரோப்பியரின் சட்டத்தை ஏற்றவர்களுக்கு ஐரோப்பியரின் வாக்காளர் பட்டியலில் பொதுவான இடம் அளிக்கப்படவில்லை.

=== இந்தோசீனாவுக்குச் செல்லுதல் ===

பிரெஞ்சுக் குடியுரிமையும் பிரெஞ்சுக் கல்வியும் துறந்தவர்களுக்கு வேறு பிரெஞ்சுக் குடியேற்றங்களில் வேலைவாய்ப்பை அளித்தன. தென் வியட்நாமின் அன்றைய பெயரான கொச்சின்சீனாவில், குறிப்பாகச் சைகோன் நகரில், காவல் துறை, சுங்கம், வரி வசூல், சிறைச்சாலை, கலங்கரை விளக்கம் முதலியவற்றில் புதுச்சேரி, காரைக்கால் பகுதித் தமிழர்கள் பணிபுரிந்தனர். துறப்பால் உருவான குடும்பப் பெயர்கள் இவ்வழியே இந்தோசீனாவுக்கும், பின்னர் அங்கிருந்து பிரான்சுக்கும் சென்றன.

=== 1962 க்குப் பின் ===

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகத்து 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இப்பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. இத்தெரிவு துறந்தவர்களுக்கு மட்டுமன்றி ஏனையோர்க்கும் திறந்திருந்தது. இதனால் ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தோர் இரு நாட்டுக் குடிமக்களாகப் பிரிந்ததும் உண்டு.

குடியுரிமை மாறினும் துறப்பின் சட்ட விளைவு மறையவில்லை. 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, துறந்தவர்களுக்கு அது பொருந்தாது என்னும் விதி சேர்க்கப்பட்டது. இதனால் துறந்தவர் குடும்பத்தில் பிறந்த ஓர் இந்தியக் குடிமகனின் திருமணமும் வாரிசுரிமையும், மூதாதை ஒருவர் 19 ஆம் நூற்றாண்டில் இட்ட கையெழுத்தைப் பொறுத்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்படி தீர்மானிக்கப்படலாம். சொத்து வழக்குகளில் அப்பழைய துறப்புப் பதிவு சான்றாக அமையும் தன்மையது.

== குறிப்பிடத்தக்க பிறர் ==

* ஒர்மிசுதாசு லபோர்த் (1850 - 1934) - கனடிய வணிகர், 1904 முதல் 1906 வரை மொன்றியல் நகர முதல்வர்.
* ரொசே லபோர்த் (1925 - 2001) - பிரெஞ்சு எழுத்தாளர்.
* பெர்னார் லபோர்த் (பிறப்பு: 1964) - பிரெஞ்சு ரக்பி வீரர், பயிற்றுநர், பிரான்சின் முன்னாள் விளையாட்டுத் துறை இணை அமைச்சர்.
* எமெரிக் லபோர்த் (பிறப்பு: 1994) - தென்மேற்குப் பிரான்சின் அழான் நகரில் பிறந்த காற்பந்து வீரர். 2021 முதல் எசுப்பானிய தேசிய அணிக்காக ஆடியவர்.